லீன் உற்பத்தி: சேதாரம் யார் கணக்கில்?

மேனேஜ்மென்ட் படிக்கும் மாணவர்களிடம் "லீன் உற்பத்தி என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். டொயோட்டா, ஏழு வகை வீண், கைசன், கான்பான், 5 எஸ் என்று பரீட்சை பேப்பரில் எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொல்லி விடுவார்கள். அதே கேள்வியை ஒரு ஃபேக்டரி தொழிலாளியிடம் கேட்டால் பதில் ஒரே வரியில் வரும். "ஆளக் குறைக்கப் போறாங்கன்னு அர்த்தம்!"

இதில் எது சரியான பதில்? முதல் பதிலுக்கு மார்க் கிடைக்கும். இரண்டாவது பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, ஆனால் அது பட்டுத் தெரிந்துகொண்ட பதில். லீன் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு பல கம்பெனிகள் செய்தது அதைத்தான். அதற்காக லீன் என்பதே மோசடி என்று தள்ளி விடவும் முடியாது. நல்ல லீன் எது, போலி லீன் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம். தாமிரபரணிக் கரையிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்களில் தொடங்கி 1,50,000 வரை போகலாம் என்பது திட்டம். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை வந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் வந்தால் அதன் பின்னாலேயே உதிரி பாகம் செய்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர், பேக்கிங் செய்கிறவர் என்று சிறு கம்பெனிகள் வரும். அந்தச் சிறு கம்பெனிகளின் வாசலில் முதலில் வந்து நிற்கப் போகிற வார்த்தை 'லீன்'. பேட்டை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும், அங்கே வேலை தேடப் போகும் ஐடிஐ, டிப்ளமோ மாணவருக்கும் இது வெறும் பாடம் இல்லை, பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

தறியில் தொடங்கிய கதை

லீன் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ஒரு தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினார். அதன் விசேஷம், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்று விடும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அதுவரை ஒரு தறிக்கு ஒரு ஆள் நின்று கண்கொட்டாமல் நூலையே பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் கெஜக்கணக்கில் பழுதுத் துணி வரும். தறி தானே நிற்கத் தொடங்கிய பிறகு ஒரு ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது, பழுதுத் துணியும் குறைந்தது. பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில் காலத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க நின்று நூல் அறுவதைப் பார்ப்பது என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியும்.

1929-ல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ கார் தொழிலில் இறங்கினார். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி உருவானது. போருக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் பட்டறைகளில் தாயிச்சி ஓனோ என்ற எஞ்சினியர் இருபது, முப்பது ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கியதுதான் டொயோட்டா உற்பத்தி முறை. ஓனோவும் முதலில் வேலை பார்த்தது டொயோடாவின் நூற்பு, நெசவு மில்லில்தான்.

ஓனோவின் கணக்கு எளிமையானது. பொதுவாகக் கம்பெனிகள் 'செலவு + லாபம் = விலை' என்று கணக்குப் போடும். செலவு கூடினால் விலையைக் கூட்டி விடலாம். டொயோட்டா இதைத் திருப்பிப் போட்டது. 'விலை - செலவு = லாபம்'. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. லாபம் வேண்டுமா, உன் வீட்டுக்குள் இருக்கிற வீண் செலவைத் தேடு.

நகைக்கடைக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பில்லில் 'செய்கூலி, சேதாரம்' என்று இரண்டு வரி இருக்கும். செய்கூலி நியாயம், ஒருவர் உழைத்திருக்கிறார். சேதாரம்? பட்டறையில் வீணான தங்கத்துக்கு வாங்குகிறவர் ஏன் பணம் தர வேண்டும்? 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று டிவியில் விளம்பரம் வந்தால் கூட்டம் அள்ளுவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கம்பெனியிலும் இப்படி ஒரு சேதாரம் உண்டு. லீன் கேட்பது இரண்டே கேள்விதான். அந்தச் சேதாரம் எங்கே உண்டாகிறது? அதை எப்படி உண்டாகாமல் செய்வது?

இந்த இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பல கம்பெனிகள் அதைக் கேட்பதே இல்லை. அது கடைசியில் வருகிறது.

ஏழு சேதாரங்கள்

ஓனோ ஏழு வகை வீணைப் பட்டியல் போட்டார். ஒரு சின்ன உதிரி பாகப் பட்டறையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இப்படி வரும்.

1. தேவைக்கு மேல் செய்து குவிப்பது. ஆர்டர் 200. "மெஷின் ஓடிட்டு இருக்கு, நிறுத்துவானேன்" என்று 500 செய்து வைப்பது.

2. காத்திருப்பது. கிரேன் வரட்டும், ஃபோர்மேன் கையெழுத்துப் போடட்டும், கரண்ட் வரட்டும் என்று ஆளும் மெஷினும் சும்மா நிற்பது.

3. பொருளை அலைய விடுவது. ஒரே பாகம் அறுக்க ஒரு மூலை, துளை போட எதிர் மூலை, பாலிஷுக்குத் திரும்ப முதல் மூலை என்று சுற்றுவது.

4. தேவையில்லாத வேலை. யாரும் பார்க்காத அடிப்பக்கத்தைப் பளபளவென்று தேய்ப்பது.

5. தேங்கிய சரக்கு. என்றைக்கோ தேவைப்படும் என்று வாங்கித் துருப்பிடித்துக் கிடக்கும் கம்பிகள்.

6. வீண் அசைவு. ஸ்பேனரைத் தேடுவது, குனிவது, நாலு தடவை நடப்பது.

7. பழுது. செய்ததைத் திரும்பச் செய்வது அல்லது காயலான் கடைக்குப் போடுவது.

இந்த ஏழிலும் முதலாவதுதான் மோசம் என்பார் ஓனோ. காரணம், அது மற்ற ஆறையும் மறைத்து விடும். குறுக்குத்துறையில் ஆறு நிரம்பிப் போகும்போது அடியில் இருக்கும் பாறை எதுவும் கண்ணில் படாது. கோடையில் தண்ணீர் வற்றினால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். சரக்குக் குவியலும் அப்படித்தான். கிடங்கு நிறைய சரக்கு இருக்கும்போது மெஷின் கெட்டுப் போவதும், பழுது வருவதும், சப்ளை தாமதமாவதும் உறைக்காது. சரக்கைக் குறைத்தால்தான் எது எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

அதனால்தான் 'கேட்ட பிறகு செய்' என்பது லீனின் முக்கியமான விதியாக ஆனது. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அலமாரியில் எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்புவார்கள் என்ற முறையில் இருந்து ஓனோவுக்கு இந்த யோசனை வந்தது. உடனே திருநெல்வேலிக்காரர்கள் இருட்டுக்கடையைச் சொல்வார்கள். நெல்லையப்பர் கோயில் எதிரில் சாயங்காலம் திறக்கும், கூட்டம் முண்டியடிக்கும், அல்வா தீர்ந்ததும் கடையைச் சாத்தி விடுவார்கள். சரக்குத் தேக்கம் கிடையாது. ஆனால் அதை முழு லீன் என்று சொல்ல முடியாது. வரிசையில் நிற்கிறாரே வாடிக்கையாளர், அவர் காத்திருப்பும் ஒரு வீண்தான். அது கடையின் கணக்கில் வராது, அவ்வளவுதான். அல்வாவுக்காக நிற்பதில் ஒரு ருசி இருக்கிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 'கம்பெனியின் கணக்கில் வராத சேதாரம்' என்ற இந்த விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

நெல்லையிலேயே ஒரு டொயோட்டா

'லீன்' என்ற பெயரை 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். பிறகு 1990-ல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. அதே 1988-ல் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அரவிந்த்.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கண்புரையால் பார்வை போனவர்கள் லட்சக்கணக்கில், டாக்டர்கள் கொஞ்சம் பேர். இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

அவர் பார்த்தது இதுதான். ஆபரேஷன் தியேட்டரில் அரிதான பொருள் சர்ஜனின் நேரம். அதில் பெரும்பகுதி ஆபரேஷனில் போகவில்லை, காத்திருப்பதில் போகிறது. ஒரு நோயாளியை இறக்கி, அடுத்தவரைப் படுக்க வைத்து, மருந்து போட்டுத் தயார் செய்யும் வரை சர்ஜன் சும்மா நிற்கிறார். அரவிந்தில் சர்ஜனுக்கு இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போது பக்கத்து டேபிளில் அடுத்த நோயாளி தயார். முடிந்ததும் மைக்ரோஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். தயார் செய்வது, கருவி எடுத்துத் தருவது, கட்டுப் போடுவது எல்லாம் அதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். இதனால் ஒரு சர்ஜன் மணிக்கு ஆறு, எட்டு ஆபரேஷன்கள் வரை செய்ய முடிகிறது. வருடத்துக்குச் சராசரியாக 2000. மற்ற இடங்களை விட இது பல மடங்கு.

"அப்படியானால் அவசரத்தில் தரம் கெடாதா?" என்று கேட்கலாம். பிரிட்டன் ஆஸ்பத்திரிகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இங்கே சிக்கல்கள் அதிகம் இல்லை என்றே தெரிந்தது. காரணம், சர்ஜனின் கை வேகமாக ஓடவில்லை. கைக்கும் கைக்கும் நடுவே இருந்த வெட்டிநேரம்தான் போனது. லீனை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

அடுத்து லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டில் இருந்து வந்தது, விலை ஏழைக்கு எட்டாது. 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாக ஒரு தொழிற்சாலை தொடங்கி, விலையை பத்து டாலருக்கும் கீழே கொண்டு வந்தார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. மிச்சமானது யாருக்குப் போனது? அரவிந்தில் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை. கட்டணம் கொடுப்பவர்களின் பணத்திலேயே அது நடக்கிறது. வேலையும் குறையவில்லை. 11 படுக்கையில் தொடங்கியது பல ஊர்களுக்குப் பரவியது, ஒவ்வொரு ஊரிலும் புதிய ஆட்கள் சேர்ந்தார்கள். வீணைக் குறைத்ததால் ஆள் கூடியது! "லீன் என்றால் ஆட்குறைப்பு" என்கிறவர்களுக்கு இது நேரடியான பதில்.

திருக்குறுங்குடி வழி

இன்னொரு உதாரணத்துக்கும் வேர் இந்த மாவட்டத்தில்தான். டி.வி.எஸ். என்பதில் 'டி' என்பது திருக்குறுங்குடி. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் அங்கே பிறந்தவர். மதுரையில் பஸ் கம்பெனி நடத்தினார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வதுண்டு. ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளால் டயர் பஞ்சர் ஆகாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. பஞ்சர் ஒட்ட ஆள் போடுவதை விட, பஞ்சர் வரக் காரணமானதை எடுப்பது. இதற்குத்தான் பிற்காலத்தில் 'மூல காரணத்தைத் தேடு' என்று வகுப்பெடுத்தார்கள்.

அந்தக் குழுமத்தைச் சேர்ந்த சென்னை பாடி சுந்தரம்-கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அதை வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி அதுதான். 2002-ல் ஓசூர் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. டெமிங் பரிசு லீனுக்கு என்றே தரப்படுவது இல்லை, முழுத் தர நிர்வாகத்துக்குத் தரப்படுவது. ஆனால் இரண்டும் அண்ணன் தம்பி முறை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: மெஷினுக்கு முன்னால் நிற்கிறவருக்குத்தான் அந்த மெஷினின் நோய் தெரியும், அவரைக் கேள்.

எந்தப் பரிசும் ஒரு நாளில் வந்து விடவில்லை. பல வருடம் ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்துக் கற்றுக் கொண்டார்கள். 'மூன்றே மாதத்தில் லீன்' என்று விளம்பரம் செய்கிற ஆலோசகர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

காகிதத்தில் மிகச் சிறந்த லீன்

இப்போது மறுபக்கம். ஒரு தொழிலைக் கற்பனை செய்து பாருங்கள். பெரிய ஷெட் கிடையாது. மெஷின் கிடையாது. கரண்ட் பில் கிடையாது. ஆர்டர் இருக்கும் நாளில் வேலை, இல்லாத நாளில் சம்பளம் தர வேண்டியதில்லை. பழுதான சரக்குக்குக் கூலி கிடையாது. காகிதத்தில் பார்த்தால் டொயோட்டாவையே தூக்கிச் சாப்பிடும் லீன்!

அதுதான் பீடித் தொழில். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு இத்தனை பீடி திரும்ப வர வேண்டும் என்று கணக்கு. இலை மோசமாக இருந்து பீடி குறைந்தால், குறைகிற இலையைச் சுற்றுகிறவர் தன் காசில் வாங்கி நிரப்ப வேண்டி வரும். சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை. 1966-லேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டு வர வேண்டியிருந்தது என்றால் பிரச்சினை எவ்வளவு பழையது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இங்கே ஓனோவின் பட்டியலை வைத்துப் பார்க்கலாம். பழுது ஒழிந்ததா? இல்லை, அது சுற்றுகிறவரின் கூலியில் கழிந்தது. காத்திருப்பு ஒழிந்ததா? இல்லை, கடை வாசலில் இலைக்கு நிற்கிறாரே, அது யாருடைய நேரம்? கிடங்குச் செலவு ஒழிந்ததா? இல்லை, வீட்டின் ஒரு மூலைக்கு வந்து விட்டது. புகையிலைத் தூள் குழந்தை தூங்குகிற இடத்தில் பறக்கிறது. வீண் எதுவும் குறையவில்லை. கம்பெனி கணக்கில் இருந்து வீட்டுக் கணக்குக்கு மாறி இருக்கிறது, அவ்வளவுதான்.

மோசமான இலையைக் கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லாதபோது நல்ல இலை வாங்க அவருக்கு என்ன அவசரம்? தள்ளி விடப்பட்ட சேதாரம் திருந்தவே திருந்தாது என்பதற்கு இதுவே சாட்சி. சேதாரம் எங்கே உண்டாகிறதோ அங்கேயே வலிக்க வேண்டும். அப்போதுதான் யாராவது சரி செய்வார்கள்.

ஆகவே அந்த மூன்றாவது கேள்வி: சேதாரம் ஒழிந்ததா, இடம் மாறியதா? இதைக் கேட்டு விட்டால் நல்ல லீனும் போலி லீனும் தானாகப் பிரிந்து விடும்.

தள்ளி விடும் கலை

பீடி பழைய தொழில், நவீன கம்பெனிகள் அப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனி 'எங்களிடம் ஸ்டாக்கே கிடையாது, எல்லாம் நேரத்துக்கு வரும்' என்று பெருமையாகச் சொல்லும். விசாரித்தால் அதன் கேட்டுக்கு வெளியே சப்ளையரின் லாரி வரிசையாக நிற்கும். ஸ்டாக் ஒழியவில்லை, சின்ன முதலாளியின் கிடங்குக்குப் போயிருக்கிறது, அதுவும் அவர் வட்டிக்கு வாங்கிய பணத்தில். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில்லைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் போன் பண்ணிக் கொண்டிருப்பவர்களைக் கேட்டால் நடப்பு தெரியும். தாமதமாகப் பணம் கொடுத்துக்கொண்டு 'நேரத்துக்குச் சரக்கு வேண்டும்' என்று கேட்பதை எந்த அகராதியிலும் லீன் என்று சொல்ல முடியாது.

ஆற்றுக்கும் இதே கணக்குதான். பொதிகையில் தெளிவாக இறங்கி வரும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேருவதற்குள் எத்தனை ஊர்க் கழிவைச் சுமக்கிறது! சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவரின் லாபக் கணக்கில் அது 'சிக்கனம்'. கீழே அதே தண்ணீரைக் குடிக்கிறவரின் கணக்கில் அது ஆஸ்பத்திரி பில்.

டொயோட்டாவே இதில் சறுக்காமல் இல்லை. பெங்களூர் அருகே பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலையில் 2006 ஜனவரியிலும் 2020 நவம்பரிலும் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நடந்தன. வேலைப்பளு தாங்க முடியவில்லை என்பது தொழிலாளர்களின் புகார்களில் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால், ஓனோவின் முறையிலேயே இதற்குத் தடை இருக்கிறது. வீணுக்கு 'முடா' என்று பெயர் வைத்த அதே ஜப்பானியர்கள், தாங்க முடியாத சுமையை ஏற்றுவதற்கு 'முரி' என்று பெயர் வைத்து அதையும் ஒழிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் முடாவைப் பத்து மார்க் கேள்வியாகப் படிக்கிறார்கள். முரி பாடத்தில் ஒரு வரியோடு போய் விடுகிறது.

ஆளைப் பிழிந்தால் என்ன ஆகும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடமும் இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு, விடுமுறை. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

ஸ்டாக்கே வேண்டாமா?

லீனை அப்படியே காப்பி அடிப்பதிலும் ஆபத்து உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் என்ற சப்ளையர் கம்பெனியில் தீ பிடித்தது. அங்கே செய்த ஒரு சின்ன பிரேக் வால்வு இல்லாமல் டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் நின்றன. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. மற்ற சப்ளையர்கள் எல்லாம் ஓடி வந்து அந்த வால்வைச் செய்து கொடுத்ததால் சில நாட்களில் மீண்டது. நல்ல காலத்தில் சப்ளையரைக் கசக்காமல் நடத்தியதற்குக் கிடைத்த பலன் அது.

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக் கொண்டது. ரோடும் தண்டவாளமும் துண்டான அந்த நாட்களில் 'நேரத்துக்கு வரும்' என்று நம்பியிருக்க முடியுமா? ஆகவே ஸ்டாக் எல்லாமே பாவம் என்று இல்லை. யோசித்து வைத்த ஸ்டாக் ஒரு காப்பீடு. யோசிக்காமல் குவிந்த ஸ்டாக்தான் வீண்.

நெல்லைக் கம்பெனிகள் என்ன செய்யலாம்?

சிறு தொழில்களுக்கு லீன் கற்றுக் கொடுக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. 2009-ல் சோதனையாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் புதுப்பித்து அறிவித்தார்கள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அறிவிப்பு. பணத்தடை பெரிதாக இல்லை. மனத்தடைதான் மிச்சம். அதற்கு நான்கு யோசனைகள்:

ஒன்று, முதல் நாளே 'இதனால் யாருக்கும் வேலை போகாது' என்று முதலாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்க வேண்டும். தன் யோசனையால் பக்கத்து ஆளுக்கு வேலை போகும் என்றால் எந்தத் தொழிலாளி யோசனை சொல்வார்? 1950-ல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியே அனுப்பியது. கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த அடிக்குப் பிறகு இருக்கிறவர்களின் வேலைக்கு உத்தரவாதம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அங்கே தொழிலாளர் யோசனைகள் பெருகின.

இரண்டு, ஜப்பான் வார்த்தைகளை போர்டில் எழுதி மாட்டுவதில் தொடங்க வேண்டாம். ஒரு பொருள் உள்ளே வந்து வெளியே போகும் வரை எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கிறது என்று ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதிப் பார்க்கட்டும். அதிர்ச்சி தானாக வரும்.

மூன்று, நேரமெல்லாம் வீண் என்று எண்ண வேண்டாம். பத்தமடையில் பட்டுப்பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்கிற அந்த நேரத்துக்குத்தான் வாங்குகிறவர் பணம் தருகிறார். அதில் கை வைத்தால் பாய் போய் விடும். மூலப்பொருளுக்கு அலைவது, விற்ற பாய்க்குப் பணம் வரக் காத்திருப்பது, இவைதான் அங்கே குறைக்க வேண்டியவை.

நான்கு, மிச்சமானதில் பங்கு கொடுக்க வேண்டும். ஒருவர் சொன்ன யோசனையால் ஆயிரம் ரூபாய் மிச்சமானால் அவருக்கு ஒரு டீயும் கைதட்டலும் போதாது.

முடிவாக, லீன் ஒரு நல்ல கத்தி. அரவிந்தில் அது லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தது. அதே கத்தியைக் கூலியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பீடி சுற்றும் வீடுகள் இருக்கின்றன. நாளை தூத்துக்குடியிலோ கங்கைகொண்டானிலோ வேலைக்குச் சேரும் மாணவர்களில் பலருக்கு 'செலவைக் குறைத்துக் காட்டு' என்பதுதான் முதல் உத்தரவாக வரும். குறைத்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மெஷினின் வெட்டிநேரத்தில் இருந்து வந்திருந்தால் அது சாமர்த்தியம். கூலியில் இருந்தோ, சப்ளையரின் வட்டியில் இருந்தோ, ஆற்றில் இருந்தோ வந்திருந்தால் சேதாரம் அப்படியேதான் இருக்கிறது. பில் வேறொருவர் பெயருக்குப் போயிருக்கிறது.